திரும்பி வந்த பன்னிரண்டு கிண்ணங்கள்

ருமேனியா என்று ஒரு நாடு இருப்பதே எனக்கு முட்டைகோஸ் வழியாகத்தான் தெரிய வந்தது. கொடைக்கானலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த வீட்டுச் சமையலறை மூலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பீங்கான் சாடி நின்றது. மூடியைத் திறந்தால் உப்புத் தண்ணீருக்குள் கோஸ் முழுசு முழுசாக ஊறிக் கிடக்கிறது. நாற்றத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கெட்டுப்போனதைக் கொட்டச் சோம்பல்பட்டு மூடி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வந்த அன்றே நல்ல பெயர் எடுக்க வேண்டுமே, அத்தனையையும் கொல்லைப்பக்கம் கொட்டி, சாடியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டேன். அது மூன்று வாரமாகப் பக்குவம் பார்த்துப் புளிக்க வைத்த கோஸ். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். வெள்ளை முகம் தக்காளியாகிவிட்டது.

“ஏ புள்ள, என்ன சோலி பாத்து வச்சுருக்க?” என்றார்.

கோஸ் போன அதிர்ச்சி அவருக்கு, அந்தத் தமிழைக் கேட்ட அதிர்ச்சி எனக்கு. அவர் கணவருக்குச் சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். விவசாயம் படிக்க ருமேனியாவுக்குப் போனவர், கல்யாணமும் செய்துகொண்டு திரும்பியிருந்தார். அறுபது, எழுபதுகளில் அப்படிச் சிலர் அந்தப் பக்கம் படிக்கப் போனார்கள். இந்த அம்மா முதல் இரண்டு வருஷம் பாலசமுத்திரத்து மாமியார் வீட்டில் இருந்து, காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே பிடித்துக்கொண்டார். பிறகு கணவருக்குக் கொடைக்கானல் பக்கம் ஒரு பழப்பண்ணையில் அதிகாரி வேலை கிடைத்து மலையேறினார்கள். ஊரில் மற்ற வெள்ளைக்காரர்கள் ‘குட் மார்னிங்’ சொல்லிக்கொண்டு போவார்கள். இவர் சந்தையில், பூண்டி கிராமத்திலிருந்து காய் கொண்டுவருகிறவர்களிடம், “வெள்ளனே வந்துருக்கேன், பாத்துப் போட்டுக் குடுங்க. இந்தக் காரட்டு நேத்துப் புடுங்குனதுல்ல?” என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

நான் அக்கரையிலிருந்து வந்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ‘உங்களுக்கு இந்தியாதான்’ என்று காகிதம் கொடுத்துக் கப்பலேற்றப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நானும் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளுமாக வந்து, கொடைக்கானலுக்கு வெளியே பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக இருக்கும் இடத்தில் குடியேறினோம். பன்னிரண்டும் எங்களைப் போல வந்த குடும்பங்கள்தான். அங்கே சொன்ன மாதிரி இங்கேயும் அதை லயம் என்றே சொன்னோம்.

தோட்டத்துப் பழக்கத்தில் அந்த அம்மாவை “தொரசாணி” என்று கூப்பிட்டேன். “அப்படிக் கூப்புட்டா நாளைக்கு வராத. அக்கான்னு சொல்லு” என்றார். பேச்சுவாக்கில் கணக்குப் பார்த்தால் நான்தான் இரண்டு மாதம் மூத்தவள். அதை வெளியே சொல்லாமல் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். சம்பளம் கொடுக்கிறவர் மூத்தவராகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காவின் சமையலைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றை மனதுக்குள் வைத்துக்கொள்ளும் குணம் எனக்குக் கிடையாது. மமலிகா என்று ஒன்று செய்வார். மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டிக் கிண்டிக் களியாக்கி, பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்துத் துண்டு போடுவார். கத்தி படக் கூடாதாம். பக்கத்தில் புளித்த பாலாடையும் பாலாடைக்கட்டியும். துரைமார் சாப்பாடு எப்படியிருக்குமோ என்று ஆசையாக வந்தவளுக்குக் களியை நீட்டினால் எப்படி இருக்கும்? “இதத் திங்கவா ஐயா அம்புட்டுத் தூரம் போனாரு?” என்று கேட்டேவிட்டேன். சோர்பா என்று ஒரு புளிப்பு ரசம். அதற்குப் புளிப்பு எங்கிருந்து என்றால், கோதுமைத் தவிட்டை நாலு நாள் ஊறப்போட்டுப் புளித்த தண்ணீர். கடையில் புளி வாங்கினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியம். சொன்னால் கேட்க மாட்டார்.

சர்மாலே விஷயத்தில் மட்டும் நான் தோற்றுப்போனேன். புளித்த கோஸ் இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்து, சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருட்டி, மண்சட்டியில் நெருக்கி அடுக்கி, சின்னத் தீயில் மூன்று மணி நேரம் விடுவது. முதல் தடவை ஒன்று தின்றேன். பிறகு ருசி சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி ஏழு தின்றேன். அதற்கப்புறம் அந்தச் சாடியை நானே காவல் காத்தேன்.

ஆனால் அக்காவின் உயிர் கொசொனாக்கில் இருந்தது. தலையணை போல நீளமான ஒரு இனிப்பு ரொட்டி அது. முட்டை, பால், வெண்ணெய், வெள்ளகவி கிராமத்திலிருந்து தலைச்சுமையில் ஏறி வரும் எலுமிச்சையின் தோல் சீவல் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் பிசைய வேண்டும். பிறகு விரித்து, அரைத்த கசகசாவும் சர்க்கரையும் பூசி, சுருட்டி, இரண்டு சுருளைப் பின்னி வேகவைக்க வேண்டும். கசகசாவைப் பார்த்ததும் குருமாவுக்குத்தான் என்று நினைத்துத் தேங்காயும் துருவி வைத்தேன். மாவு உப்புகிற நேரத்தில் கதவைத் தடாலென்று சாத்தக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது, மாவு பயந்து உட்கார்ந்துவிடும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. என் குரல் அப்படி. அதனால் மாவுக்குக் கம்பளி போர்த்திவிட்டு என்னை வெளியே அனுப்பிவிடுவார். கொடைக்கானல் குளிரில் அது உப்பி முடிவதற்குள் நான் விறைத்துப்போவேன். ஆனால் பழைய இரும்பு அடுப்பிலிருந்து அது வெளியே வரும்போது பொன்னிறமாக, வீடு முழுக்க மணக்கும். முதல் துண்டு எப்போதும் எனக்குத்தான்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. எழுபத்தொன்பதோ எண்பதோ, ஒரு மழைக்காலத்தில் அந்தக் கடிதம் வந்தது. அவர் நாட்டுக் கடிதங்கள் அங்கத்து அரசாங்கம் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியே வரும், அதனால் தாமதமும் ஆகும். அவருடைய அம்மா இறந்து, அடக்கமும் முடிந்து, மூன்றாவது வாரம் இவர் கையில் சேர்ந்தது. கிளம்பிப் போகவும் வழியில்லை. இந்தக் கல்யாணத்துக்கே அங்கே அரசாங்கத்திடம் அனுமதி கேட்டு இரண்டு வருஷம் காத்திருந்தவர். போனால் திரும்ப விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அக்கா சத்தம் போட்டு அழவில்லை. ஒரு வாரம் ஓயாமல் மாவு பிசைந்தார். பிசைந்த மாவை என்ன செய்வது என்று தெரியாமல் பண்ணை ஆட்களுக்கெல்லாம் ரொட்டி கொடுத்தனுப்பினோம்.

பிறகு ஒரு நாள், “நாப்பதாம் நாளு வருது. எங்கம்மாவுக்குச் செய்யணும்” என்றார்.

செய்ய வேண்டியது கொலிவா என்ற பண்டம். முழுக் கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் அரைத்த அக்ரூட்டும் எலுமிச்சைத் தோலும் சேர்த்து, தட்டில் மேடாக அமுக்கி, மேலே பொடித்த சர்க்கரையை வெள்ளையாகப் பரப்பி, நடுவில் கோகோவால் சிலுவை போடுவது. கோதுமைக்கு ரேஷன் கடை இருந்தது. அக்ரூட்டை ஐயா மதுரையிலிருந்து வாங்கி வந்தார். ஆனால் அந்தக் கோதுமையை ஒன்பது தண்ணீரில் கழுவ வேண்டும் என்றாரே பார்க்கலாம். குழாய் கீழே, சமையலறை மேலே. ஆறாவது தண்ணீருக்கு மேல் என்னால் வாயை அடக்க முடியவில்லை. “அக்கா, ரேஷன் கோதுமைய ஒம்பது தண்ணியில கழுவுனா சட்டியில கல்லு மட்டுந்தான் மிஞ்சும்” என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார். ஆனாலும் ஒன்பதும் கழுவ வைத்தார்.

பரிமாறுவதற்கென்று ஐயா பழனியில் பன்னிரண்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்கி, அக்காவுடைய அம்மாவின் பெயரைத் தமிழில் வெட்டியும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கிண்ணத்திலும் கொலிவா, ஓரத்தில் சின்ன வளைய ரொட்டி, அதில் செருகிய ஒரு மெழுகுவத்தி. “லயத்துல வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டு வா புள்ள. வெரசா போ, மேல போட்ட சீனி கரைஞ்சிரும்” என்று அனுப்பினார். கிண்ணத்தை என்ன செய்வது என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. இரண்டு பேருக்கும் அது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகவே படவில்லை.

ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். லயத்தில் நான் சாவைப் பற்றி மூச்சு விடவில்லை. இறந்தவர் பேரில் தானம் வாங்குவதற்கென்று எங்கள் பக்கம் தனி ஆள் உண்டு. பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர்கள் வாங்கினால் அந்தச் சாவு அவர்கள் வீட்டைச் சுற்றும் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. அதனால், “அக்கா வீட்டுல விசேஷம்” என்று மட்டும் சொன்னேன். மெழுகுவத்தியைப் பார்த்துப் பிறந்தநாள் என்றார்கள் சிலர். “உண்டாயிருக்காங்களா?” என்று கேட்டாள் கடைசி வீட்டுக்காரி. லயத்தில் எந்தச் செய்தியும் அவள் வாயில் புகுந்துதான் வெளியே வரும். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் எனக்குச் சுறுசுறுப்பு தாங்கவில்லை. பெயர் வெட்டிய பாத்திரம் அடுத்தவர் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கினால் எங்களுக்குத் தூக்கம் வராது. வெறுமையாகவும் திருப்பிக் கொடுக்க மாட்டோம். நான் போய்க் கேட்பதற்கு முன்பே பலர் கழுவித் துடைத்து நிரப்பி வைத்திருந்தார்கள். ஒன்றில் முறுக்கு, ஒன்றில் நாலு பூண்டு, ஒன்றில் வெங்காயத்தைச் சீனி போட்டு வதக்கிய அக்கரைச் சீனிச்சம்பல், கடைசி வீட்டுக்காரி கிண்ணத்தில் புள்ளத்தாச்சிக்கு என்று மாங்காய் ஊறுகாய். என் கிண்ணத்தில் நான் தேங்காய் ரொட்டி வைத்தேன். பன்னிரண்டையும் கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு போய், அக்காவின் சமையல் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். பாராட்டுக்காக நின்றேன்.

அக்கா வந்தார். “இதெல்லாம் ஏன் இங்க கெடக்கு?” என்றார்.

“ஒண்ணு கொறையாம வாங்கியாந்துட்டேன்கா. எண்ணிப் பாத்துக்கங்க.”

அவர் எண்ணவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க ஊருல செத்தவங்க பேருல குடுத்தா ஏனத்தோட குடுக்கணும் புள்ள. வாங்குனவங்க அத வச்சுக்கிட்டுப் பொழங்கணும். இங்க அவங்க அதுல குடிச்சாத்தான், அங்க எங்கம்மாவுக்குக் குடிக்க ஏனம் இருக்கும். அடக்கத்துக்கும் நான் போகல. இது ஒண்ணுதான் என்னால ஆனது. அதயும் நீ திருப்பி வாங்கிட்டு வந்துட்ட. எங்கம்மா அங்க வெறுங்கையோட நிக்கிறா.”

முறுக்கையும் ஊறுகாயையும் பார்க்கவே கேவலமாக இருந்தது. “நாளைக்கே எல்லாத்தையும் திரும்பக் குடுத்துட்டு வந்துர்றேன்கா” என்றேன். “எதுக்குன்னு சொல்லிக் குடு. தெரிஞ்சு வாங்குனாத்தான் போய்ச் சேரும்” என்றார் அக்கா. அது முன்பே தெரிந்திருந்தால் நான் வாக்குக் கொடுத்திருக்க மாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் லயத்துக் குழாயடிக்குப் போனேன். எல்லாரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். கூடையை இறக்கி வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே கடைசி வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.

“வெசேசம்னு சொல்லித்தானடி குடுத்த? சாவுச் சோத்தையா எம்புள்ளைங்களுக்குக் குடுத்த? இப்ப செத்தவங்க ஏனத்த வேற வீட்டுக்குள்ள எடுக்கணுமா?”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பொய் சொன்னது நான், அதனால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் நியாயம் கண்ணுக்குத் தெரியாது.

“ஒங்கப்பா அங்கிட்டுச் செத்ததுக்கு நீ போனியா?” என்று அவளைக் கேட்டேன். “கடுதாசி வந்துச்சு, தலைக்கு ஊத்துன, மறுநா வேலைக்குப் போயிட்ட. அந்த மனுசிக்கு ஒரு கிண்ணமாவது குடுக்கணும்னு தோணுது. ஒனக்கு என்னா தோணுச்சு?”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் குழாயை மூடவில்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் செத்திருந்தார்கள். யாரும் போகவில்லை, போக முடியவும் இல்லை. அதைத்தான் நான் வாய்க்கு வந்தபடி கொட்டியிருந்தேன்.

கடைசி வீட்டுக்காரி நிதானமாகக் குடத்தை இடுப்பில் எடுத்தாள். “நீ பேசாத. உசுரோட இருக்க ஆத்தாளுக்கு நாலு வருசமா ஒரு கடுதாசி போடாதவ நீ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது உண்மை. என் தம்பிக்கு அந்த நாட்டிலேயே இருக்கக் காகிதம் கிடைத்திருந்தது. அம்மா எங்களோடு வந்திருக்கலாம். வரவில்லை, மகனோடு இருந்துகொண்டார். கப்பலைப் பிடிக்க நாங்கள் ரயிலேறிய அன்று ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை. வந்து சேர்ந்த முதல் வருஷம் அம்மாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுத வைத்தவை. நான் பதில் போடவில்லை. போட மாட்டேன் என்று லயம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

கூடையோடு அக்கா வீட்டுக்குத் திரும்பி, யாரும் வாங்கவில்லை என்று சொன்னேன். அக்கா கிண்ணங்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். அன்று காலை ஒரு கொசொனாக் செய்திருந்தார், ஆனால் எனக்கு முதல் துண்டு நறுக்கவில்லை. கேட்கும் தைரியமும் எனக்கில்லை.

மத்தியானம் பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. கடைசி வீட்டுக்காரி நின்றாள். அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில். என்னைத் தாண்டி அவள் நேரே அக்காவிடம் பேசினாள்.

“அம்மா, ஒங்க ஆத்தா கிண்ணத்த நா வாங்கிக்கிறேனுங்க. அதுல எங்கப்பாவும் ஒரு வாய் குடிக்கலாங்களா? அவருக்கு நாங்க ஒண்ணுமே செய்யல.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “குடிக்கலாம். பேரு சொல்லுங்க” என்றார். ஒரு தாளை எடுத்து, மேலே சிலுவை போட்டு, தன் அம்மாவின் பெயருக்குக் கீழே அந்த அப்பாவின் பெயரை எழுதினார். அவர்கள் ஊரில் இறந்தவர் பெயர்களை இப்படித் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக வாசித்து வேண்டிக்கொள்வார்களாம். கொலிவா தீர்ந்திருந்ததால், கொசொனாக்கைத் துண்டு போட்டுக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தார். வாங்குகிறவர் ‘போக்தாப்ரோஸ்தே’ என்று சொல்ல வேண்டும், கடவுள் மன்னிக்கட்டும் என்று அர்த்தம். யாருக்கும் நாக்குப் புரளவில்லை. “மனசுக்குள்ள சொன்னாப் போதும்” என்றார் அக்கா.

ஒருத்தி தன் அம்மா பெயரைச் சொன்னாள். ஒருத்தி அண்ணன் பெயரை. இன்னொருத்தி செத்துப்போன மாமனார் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, பக்கத்தில் நின்றவள் காதில் ஓதி அவளைச் சொல்ல வைத்தாள். தோட்டத்தில் பிறந்து பெயர் வைக்கும் முன்பே போன பெண் குழந்தைக்கு என்ன எழுதுவது என்று ஒருத்தி கேட்டாள். அக்கா யோசித்துவிட்டு, “மக” என்று எழுதினார். அவரும் அழுதார், அவர்களும் அழுதார்கள், ரொட்டி நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டார்கள். பதினொரு கிண்ணம் போய்விட்டது. மேஜையில் என்னுடையது மட்டும் இருந்தது.

“ஒனக்கு யாரு பேரு?” என்று பேனாவைப் பிடித்தபடி கேட்டார் அக்கா.

“எனக்கு யாரும் சாகலக்கா.”

“அம்மா?”

“இருக்கு. அந்தக் கரையில.”

கடைசி வீட்டுக்காரி எதையாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் தன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா தாளைத் திருப்பினார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது.

“இந்தப் பக்கம் உசுரோட இருக்கறவங்களுக்கு. ரெண்டு பக்கமும் எழுதணும் புள்ள. இல்லாட்டி முடிஞ்சதாகாது. பேரச் சொல்லு.”

நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். நாலு வருஷமாகப் பெயரை விடுங்கள், அம்மா என்ற வார்த்தையைக்கூட நான் என் அம்மாவை நினைத்துச் சொல்லியிருக்கவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அந்த வெள்ளைப் பக்கத்தில் ஒரே ஒரு பெயராக அதை எழுதினார். கடைசித் துண்டை என் கிண்ணத்தில் வைத்து நீட்டினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் தபாலாபீஸ் மூடுவதற்குள் ஓடிப்போய் வெளிநாட்டுக் கடிதத்தாள் ஒன்று வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து முதல் வரிக்கு ரொம்ப நேரம் திணறினேன். எழுதத் தெரியாதவளில்லை, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள்தான். கிண்ணத்திலிருந்த கொசொனாக் முழுவதையும் தின்று தீர்த்தேன். அதற்குப் பிறகுதான் வந்தது.

‘அம்மா, நீ அன்னைக்கு ஸ்டேஷனுக்கு வரலன்னு எனக்குக் கோவம். இன்னும் கொஞ்சம் இருக்கு. நீ நல்லா இருக்கியா?’